மச்சான் வாங்கிய 100 பீப்பாய்

கேள்வி: ஐயா, எனக்குப் பள்ளிகொண்டா. சொந்தமாக இரண்டு லாரி வைத்து, ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலிருந்து சென்னை துறைமுகத்துக்கு லோடு அடிக்கிறேன். இரண்டு வண்டிக்கும் சேர்த்து மாதம் 3,000 லிட்டர் டீசல் ஆகிறது. கச்சா எண்ணெய் ஏறினால் டீசல் ஏறும் என்கிறார்கள். ஆனால் அது இறங்கும்போது பங்க்கில் எதுவும் இறங்குவதில்லை. கமாடிட்டி மார்க்கெட்டில் சூதாடுகிறவர்கள்தான் இதற்குக் காரணம் என்று லாரி ஸ்டாண்டில் எல்லோரும் பேசுகிறார்கள். அது நிஜமா? என் மச்சான் செல்போனில் டிரேடிங் செய்கிறவன். "நாமும் குரூடு வாங்கிப் போட்டுவிட்டால் டீசல் ஏறினாலும் நமக்கு வலிக்காது" என்று சொல்லி, போன மாதம் என் பணத்தில் அவன் கணக்கில் ஒரு லாட் வாங்கியிருக்கிறான். இதைத் தொடரலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தொடர வேண்டாம். மச்சான் கெட்டிக்காரராகவே இருக்கலாம், அவர் கணிப்பு பலிக்கவும் செய்யலாம். அப்படிப் பலித்தாலும் அது உங்கள் டீசல் செலவுக்குக் காப்பு ஆகாது. லாரிக்காரர்களின் கணக்கைப் பார்க்கிற ஆடிட்டராக இதைச் சொல்கிறேன். ஏன் என்று புரிய உங்கள் மற்ற இரண்டு கேள்விகளையும் பார்த்துவிட வேண்டும்.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் மாந்தோப்பை எப்படிப் பேசுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பூ பிடிக்கும்போதே வியாபாரி வந்து பார்த்து, மொத்தத் தோப்புக்கும் ஒரு தொகை பேசி முன்பணம் கொடுத்துவிடுவார். அப்புறம் காய் உதிர்ந்தாலும், மார்க்கெட்டில் பழம் விலை போகாவிட்டாலும் அது அவர் பாடு. தோப்புக்காரர் நிம்மதியாக இருப்பார். விலை எகிறினால் லாபமும் வியாபாரிக்குத்தான். பின்னால் வருகிற ஒரு தேதிக்கு இன்றே விலை பேசி வைக்கிற எண்ணெயின் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தமும் அடிப்படையில் இதுதான். நியூயார்க் சந்தையில் கச்சா எண்ணெய்க்கு 1983-லேயே இது வந்துவிட்டது. எண்ணெய் எடுக்கிறவர், சுத்திகரிக்கிறவர், விமான கம்பெனி எல்லோரும் விலை அபாயத்தை யார் தலையிலாவது ஏற்றிவிடப் பார்க்கிறார்கள். அதை ஏற்றுக்கொள்ள ஒருவர் வேண்டுமே, அவர்தான் நீங்கள் சூதாடி என்று சொல்கிறவர். அவர் இல்லாவிட்டால் அந்தச் சந்தையே நடக்காது.

ஒரே ஒரு வித்தியாசம். மாந்தோப்பை ஒருவர்தான் குத்தகைக்கு எடுக்க முடியும். எண்ணெய் ஒப்பந்தமோ ஒரே நாளில் கைமாறிக்கொண்டே இருக்கும். உலகம் முழுக்க ஒரு நாளைக்கு எரிகிற எண்ணெய் ஏறக்குறைய 10 கோடி பீப்பாய். காகிதத்தில் அதைப் போலப் பல மடங்கு தினமும் விற்று வாங்கப்படுகிறது. இவ்வளவு பணம் புரளும்போது விலை ஆடாமல் இருக்குமா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

ஆடும். 2025 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். இஸ்ரேல் ஈரானைத் தாக்குவதற்கு முந்தின நாள், உலக விலைக்கு அளவுகோலாக வைக்கிற ப்ரெண்ட் எண்ணெய் பீப்பாய் 69 டாலர் பக்கம் இருந்தது. ஜூன் 23-ம் தேதி வர்த்தகம் தொடங்கியதும் 81 டாலரைத் தொட்டது. மறுநாள் முடியும்போது 67. அப்போது உலக எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு போன ஹோர்முஸ் நீரிணை அந்த நாட்களில் மூடப்படவே இல்லை, கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. மூடிவிடுவார்களோ என்ற பயத்துக்கு 12 டாலர். அந்தப் பயம் தெளிந்ததும் 14 டாலர் காலி. இது முழுக்க முழுக்க சந்தைக்காரர்கள் செய்ததுதான்.

2008-ல் இதைவிடப் பெரிய கூத்து. ஜூலையில் 147 டாலர் வரை போனது, டிசம்பரில் 40-க்கும் கீழே வந்து விழுந்தது. பெரிய முதலீட்டு நிதிகள் எண்ணெய் ஒப்பந்தங்களை வாங்கிக் குவித்ததுதான் காரணம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் வரைக்கும் பேசினார்கள். சீனாவின் தேவைதான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. என் கணிப்பு நடுவில் நிற்கிறது. ஏற வேண்டிய காரணம் இருக்கும்போது, ஊகக்காரர்கள் சேர்ந்துகொண்டு அதைத் தேவைக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். இறங்கும்போதும் அப்படியே அளவுக்கு மீறி இறக்குகிறார்கள். ஆனால் காரணமே இல்லாமல் வருஷக்கணக்கில் விலையைத் தூக்கிப் பிடிக்க அவர்களால் முடியாது. ஒப்பந்தத்துக்கு ஒரு கெடு தேதி இருக்கிறது. அன்றைக்கு ஒன்று விற்றுவிட்டு வெளியே வர வேண்டும், இல்லை என்றால் நிஜ எண்ணெயை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தால் கொட்டி வைக்க இடம் வேண்டும்.

அந்த இடம்தான் 2020 ஏப்ரலில் இல்லாமல் போனது. ஊரடங்கில் உலகமே வண்டியை நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் என்ற ஊரில்தான் நியூயார்க் ஒப்பந்தத்தின் எண்ணெயைக் கைமாற்றுவார்கள். அங்கே காலியாக இருந்த டாங்குகளும் ஏற்கெனவே யார் யாரோ பேசி வைத்தவை. ஏப்ரல் 20-ம் தேதி, கெடுவுக்கு முந்தின நாள், காகிதத்தை மட்டும் வைத்திருந்தவர்கள் "எடுத்துக்கொள், நானே பணம் தருகிறேன்" என்ற நிலைக்கு வந்தார்கள். விலை பூஜ்யத்துக்குக் கீழே 37.63 டாலரில் முடிந்தது. அதே சமயம் விடோல், டிராஃபிகுரா மாதிரியான பெரிய வணிக நிறுவனங்கள் என்ன செய்தன தெரியுமா? மலிவாகக் கிடைத்ததை வாங்கிக் கப்பல்களிலேயே நிரப்பி நடுக்கடலில் நிறுத்தி வைத்தன. ஆறு மாதம் கழித்துத் தருவதாக அப்போதே அதிக விலைக்கு விற்றும் விட்டன. சும்மா வாங்கி விற்பதைவிட இந்தப் பதுக்கல் மாதிரியான வேலைதான் இன்றைய விலையை நிஜமாக மாற்றக்கூடியது, ஏனென்றால் இன்றைக்கு விற்பனைக்கு வர வேண்டிய எண்ணெய் அப்போது சந்தைக்கு வராமல் போகிறது. சட்டப்படி அதில் தப்பு ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் மச்சானுக்கு இந்தக் கதையின் இந்தியப் பகுதியைக் கட்டாயம் சொல்லுங்கள். நம் நாட்டு கமாடிட்டி மார்க்கெட்டான எம்.சி.எக்ஸ். சந்தையில் எண்ணெய் நிஜமாகக் கைமாறாது. நியூயார்க் விலையை ரூபாயாக்கி, பணத்தில் கணக்குத் தீர்ப்பார்கள். ஊரடங்கு காரணமாக அந்த நாட்களில் இங்கே மாலை 5 மணிக்கே வர்த்தகத்தை முடித்தார்கள். விலை அதல பாதாளத்துக்குப் போனது நமக்கு நள்ளிரவு. வாங்கி வைத்திருந்தவர்கள் விற்று வெளியேற வழியே இல்லை. பீப்பாய்க்கு கழித்தல் 2,884 ரூபாய் என்று கணக்குத் தீர்த்தார்கள். ஒரு லாட் 100 பீப்பாய். பூஜ்யத்துக்குக் கீழே போன பகுதிக்கு மட்டும் லாட்டுக்கு 2,88,400 ரூபாய்! போட்ட பணம் போனது தனி. தரகு நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின.

சரி, எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே போன அந்த மாதம் உங்கள் பங்க்கில் டீசல் என்ன ஆனது? ஒரு பைசா குறையவில்லை. இங்கேதான், எண்ணெய் இறங்கும்போது பங்க்கில் ஏன் இறங்குவதில்லை என்ற உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது.

முதலில் ஒன்று. பங்க் விலைக்கு அடிப்படை கச்சா எண்ணெய் விலை என்றுதான் பலரும் நினைக்கிறோம். நேரடியாக அது இல்லை. சிங்கப்பூரில் டீசலாகவே, பெட்ரோலாகவே என்ன விலைக்குப் போகிறது என்று பிளாட்ஸ் என்ற நிறுவனம் தினமும் ஒரு விலையை மதிப்பிடுகிறது. சிங்கப்பூரில் மாலை 4:30, நமக்கு மதியம் 2 மணி. கப்பல் கப்பலாக வாங்கி விற்கிற வணிக நிறுவனங்கள் அந்த நேரத்தை ஒட்டிக் கேட்கிற விலையையும் சொல்கிற விலையையும் வைத்து அது முடிவாகும். அதிலிருந்து கப்பல் வாடகையைக் கழித்தால் அரபு வளைகுடா விலை. அதை வைத்துத்தான் மணலி சுத்திகரிப்பு ஆலையானாலும் சரி, வேறு எந்த ஆலையானாலும் சரி, எண்ணெய் நிறுவனங்களுக்கு டீசலை விலை போட்டுக் கொடுக்கிறது. டீசலுக்கென்று தனியாகத் தட்டுப்பாடு வந்தால் கச்சா எண்ணெயோடு சம்பந்தமே இல்லாமல் அது ஏறும். 2022 நடுவில், ரஷ்யா–உக்ரைன் போருக்கு அப்புறம், ஒரு பீப்பாய் டீசலின் விலை கச்சா எண்ணெயைவிட 50 டாலருக்கும் மேல் கூடுதலாகப் போனது. போருக்கு முன்னால் சாதாரண நாளில் அந்த வித்தியாசம் இருபதைத் தாண்டுவதே அபூர்வம். மச்சான் வாங்கி வைத்திருப்பது கச்சா எண்ணெய். உங்கள் வண்டி குடிப்பது டீசல்.

அடுத்தது வரி. மத்திய கலால் வரி சதவீதம் கிடையாது, லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையானது. தமிழ்நாட்டு வாட் டீசலுக்கு 11 சதவீதமும், அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும். 2025-ல் சென்னையில் டீசல் 92 ரூபாய் சில்லறைக்கு விற்றபோது அதில் இந்த இரண்டு வரியும் சேர்ந்து 35 ரூபாய் பக்கம். உலக விலை பாதியாகக் குறைந்தாலும் இதில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். வரியின் கனம் தெரிய வேண்டுமென்றால் கணக்குப் புத்தகமே வேண்டாம், காட்பாடி தாண்டிச் சித்தூர் ரோட்டில் போய்ப் பாருங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் நம் பங்க்கில் ஆந்திரா வண்டிகள் டாங்க் நிரப்பிக்கொண்டு போகும், அங்கே டீசல் நம்மைவிட விலை. பெங்களூர் போகிற நம் டிரைவர்கள் ஓசூர் தாண்டும்வரை கையைக் கட்டிக்கொண்டு போவார்கள், கர்நாடகத்தில் மலிவு என்பதால். எண்ணெய் ஒன்றுதான், நாளும் ஒன்றுதான்.

2020-க்கு வருவோம். மார்ச் 14-ம் தேதி மத்திய அரசு டீசல் கலால் வரியை 3 ரூபாய் ஏற்றியது. மே மாதம் இன்னொரு 13 ரூபாய். அதே மே மாதம் தமிழ்நாடும் தன் வாட் வரியை ஏற்றியது. எண்ணெய் விலை விழுந்ததில் கிடைத்த மிச்சமெல்லாம் கஜானாவுக்குப் போய்விட்டது. அப்புறம் 2021 நவம்பரில் 10 ரூபாயும் 2022 மே மாதம் 6 ரூபாயும் மத்திய அரசு குறைத்தது. 2025 ஏப்ரலில் உலக விலை மறுபடி சரிந்தபோது கலால் வரி 2 ரூபாய் ஏறியது, பங்க் விலை மாறவில்லை. அதாவது இறங்க வேண்டிய 2 ரூபாய் உங்கள் கண்ணில் படாமலே போய்விட்டது.

மூன்றாவது, எண்ணெய் நிறுவனங்கள். டீசல் விலைக் கட்டுப்பாட்டை 2014 அக்டோபரில் நீக்கினார்கள். 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்குப் புது விலை என்றார்கள். விதிப்படி பார்த்தால் முந்தின 15 நாள் சர்வதேச விலையின் சராசரி நம் பங்க் விலைப் போர்டில் வந்துவிட வேண்டும். காகிதத்தில் அப்படித்தான். நடைமுறையில், 2021 நவம்பர் 4-லிருந்து 2022 மார்ச் 22 வரை, உத்தரப் பிரதேசத் தேர்தல் உட்பட, விலை அசையவே இல்லை. இந்த நடுவில்தான் ப்ரெண்ட் 139 டாலரைத் தொட்டு வந்தது. தேர்தல் முடிந்ததும் 16 நாளில் சென்னை டீசல் 91 ரூபாய் 43 காசிலிருந்து 100 ரூபாய் 94 காசுக்குப் போனது. அப்புறம் மறுபடி நிறுத்தி வைத்தார்கள். அந்த வருஷம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மூன்று அரசு நிறுவனங்களும் சேர்ந்து 21,000 கோடிக்கு மேல் நஷ்டம் காட்டின. உலக விலை இறங்கிய பிறகு போர்டை இறக்காமல் அதை ஈடுகட்டி, 2023–24-ல் மூன்றும் சேர்ந்து 80,000 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தன. 2024 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னால், 2 ரூபாய் குறைந்தது. அவ்வளவுதான். நிறுவனங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, 139 டாலர் இருந்தபோது அதை அப்படியே நம் தலையில் இறக்காமல் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் தாங்கியதற்கு எவ்வளவு காலம் வசூலிப்பார்கள் என்று யாரும் சொல்வதில்லை. உங்களுக்கு எரிச்சல் வந்தால் அது இந்த இடத்தில் வருவதுதான் பொருத்தம், சூதாடிகள் மேல் பாதிதான் குற்றம்.

இனி மச்சானின் லாட்டுக்கு வருவோம்.

ஒரு பீப்பாய் 159 லிட்டர். உங்கள் மாதத் தேவை 3,000 லிட்டர், அதாவது 19 பீப்பாய். அவர் வாங்கியது பெரிய லாட் என்றால் 100 பீப்பாய். உங்கள் ஐந்து மாத டீசலுக்கு ஒரே தடவையில் பந்தயம் கட்டியிருக்கிறார். டாலரை 85 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஒரு டாலர் இறங்கினால் உங்களுக்கு 8,500 ரூபாய் அடி. 2025 ஜூனில் நடந்த மாதிரி 14 டாலர் சரிவு முழுக்க உங்கள் லாட்டில் விழுந்திருந்தால், ஏறக்குறைய 1,19,000 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். அதைத் தினமும் ராத்திரியே எடுத்துக்கொள்வார்கள், மாதக் கடைசிவரை காத்திருக்க மாட்டார்கள். சரியான காப்பு என்றால் அந்த நஷ்டத்துக்கு எதிராக டீசல் மலிவாகி உங்களுக்குக் கொஞ்சமாவது மிச்சம் ஆகியிருக்க வேண்டும். பங்க் விலையோ அந்த வாரம் முழுக்க அசையவில்லை. இங்கே நஷ்டம், அங்கே மிச்சம் இல்லை.

பத்து பீப்பாய் மினி லாட் இரண்டு வாங்கினால் அளவு ஓரளவு பொருந்தும். ஆப்ஷன், அதாவது பேசின விலைக்கு வாங்குகிற உரிமையை மட்டும் வாங்கினால், நஷ்டம் அதற்குக் கட்டிய பிரீமியத்தோடு நிற்கும். மச்சான் இதையெல்லாம் சொல்வார், தெரியும். ஆனாலும் பங்க் போர்டு நியூயார்க்கைப் பின்தொடராது என்ற அடிப்படைக் கோளாறு அப்படியே இருக்கும்.

ஆடிட்டராக இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வர்த்தகக் கணக்கு மச்சான் பெயரில், பணம் உங்களுடையது. அதில் வருகிற லாபமோ நஷ்டமோ வருமான வரித் துறை பார்வையில் அவர் பான் எண்ணில்தான் சேரும், தொழில் வருமானமாக அவர்தான் கணக்குக் காட்ட வேண்டும். நஷ்டமானால் அதை உங்கள் லாரி வருமானத்தில் கழிக்க வழியில்லை. லாபமானால் வரி அவர் கட்ட வேண்டும், பணத்தை நீங்கள் கேட்பீர்கள். வீட்டுக்குள் பேச்சு வளர இது ஒன்றே போதும். கெடு தேதி வருவதற்குள் அந்த லாட்டை விற்று வெளியே வரச் சொல்லுங்கள், அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டாம். மீதிப் பணத்தை வங்கி மூலமாகவே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வேண்டியது கம்பெனியோடு போடுகிற வாடகை ஒப்பந்தத்தில் ஒரு டீசல் நிபந்தனை. பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனிகள் எல்லாம் இதை எழுதித்தான் வாங்குகின்றன, இரண்டு வண்டிக்காரர்கள் கேட்பதே இல்லை. ஆம்பூரிலிருந்து துறைமுகம் போய்த் திரும்ப 370 கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 92 லிட்டர். டீசல் ஒரு ரூபாய் மாறினால் ஒரு டிரிப்புக்கு 92 ரூபாய் மாற வேண்டும். 2022 மார்ச்–ஏப்ரலில் இந்த நிபந்தனை இல்லாமல் ஓடியவர்கள் ஒவ்வொரு டிரிப்பிலும் 875 ரூபாய் பக்கம் கையிலிருந்து போட்டார்கள்.

இப்படி எழுதிக் கேளுங்கள்: "ஒப்பந்த நாளன்று பள்ளிகொண்டா பங்க் பில்லில் உள்ள டீசல் விலை அடிப்படை விலை. லிட்டருக்கு 2 ரூபாய்க்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ, வித்தியாசத் தொகையை 92-ஆல் பெருக்கி ஒரு டிரிப் வாடகையில் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். லோடு ஏற்றும் நாளின் பங்க் பில்லே ஆதாரம்." இறங்கினால் நீங்கள் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், அப்போதுதான் கம்பெனி மேனேஜர் கையெழுத்துப் போடுவார். 92 என்ற எண்ணை மட்டும் உங்கள் வண்டி நிஜமாகக் கொடுக்கிற மைலேஜைப் பார்த்துப் போடுங்கள், டிரைவர் சொல்கிற கணக்கை வைத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு டிரிப்புக்கும் கணக்குப் பார்க்க முடியாது என்று கம்பெனி சொன்னால், மாதத்தின் 1-ம் தேதி விலையை அந்த மாதம் முழுவதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வாருங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால், வாடகையை வருஷத்துக்குப் பேசாமல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பேசுங்கள்.